நான்கில் அடங்காத அச்சம்

முதுகலை வகுப்பில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நடத்தும்போது, அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு வந்ததும் ஒரு சிரிப்பு எழுவது ஆண்டுதோறும் வழக்கம். அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்தபடியாகச் சூப்பர்வைசரை வைத்திருக்கிறார் பாருங்கள் என்று பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் சொல்வார். இறை என்றால் தலைவன், அரசன் என்று நாம் பொருள் சொல்வோம். நம் மாணவர்களுக்கு அந்தப் பொருள் போதுவதில்லை. அவர்களில் பலர் வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஒருவர் செக்கிங் மேசையில் நிற்பார், ஒருவர் பேக்கிங்கில் பெட்டி ஒட்டுவார். திருப்பூரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு உரையாசிரியர்கள் வகுப்பறைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறார்கள்.

அந்த நான்கில் நெருப்பு இல்லை. இதை நாம் கவனித்தது சென்ற ஆண்டில்தான். கவனிக்க வைத்தவர் நம்மிடம் இளங்கலை படித்த ஒரு மாணவி. படிப்பு முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. அவிநாசிப் பக்கத்துக் கிராமம். திருமணத்திற்குப் பின் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் டெய்லராக இருந்தார். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதித் தரோணுங்க. நீங்க எழுதுனா மதிச்சுப் படிப்பாரு."

செய்தி இதுதான். வெளிநாட்டு வாங்குநர்கள் அனுப்பும் தணிக்கையாளர்களின் வருகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தளத்திலும் பயிற்சி பெற்ற தீயணைப்புக் குழு இருக்க வேண்டும். அவர்களின் புகைப்படம் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒத்திகையின் படங்கள் கோப்பில் இருக்க வேண்டும். படித்த பெண் என்பதால் இவர் பெயரையும் குழுவில் எழுதிவிட்டார்கள். ஒத்திகை என்பது, பாதியாக வெட்டிய தகர டிரம்மில் கட்டிங் வேஸ்ட்டைப் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தி, குழுவினர் ஒருவர் பின் ஒருவராகச் சென்று சிவப்பு உருளையின் பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியை நோக்கி அழுத்துவது. மொத்தம் அரை நிமிட வேலை.

"எனக்கு நெருப்புன்னா ஆகாதுங்கய்யா" என்றார்.

ஆகாது என்பதன் பொருளை மெல்ல மெல்லத்தான் சொன்னார். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. கார்த்திகை அன்று மாமியார்தான் விளக்கேற்றுவார். கோவிலில் சூடத்தட்டு வந்தால் ஓரடி பின்வாங்கி நின்று கையை மட்டும் நீட்டித் தொடுவதுபோல் பாவனை செய்வார். தெருவில் குப்பை எரிந்தால் வேறு தெரு சுற்றி வருவார். நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், கண் இருட்டும்.

நாம் கேட்ட முதல் கேள்வி, சிறு வயதில் ஏதேனும் நடந்ததா என்பது. குடிசை எரிந்ததா? யாருக்காவது தீக்காயமா? இல்லை என்றார். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டுப் பார்த்துவிட்டாராம். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. நமக்கு ஓர் ஏமாற்றம் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கியம் படித்தவர்களின் நோய் இது. அச்சத்துக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால் நாம் உடனே இரங்குவோம். கதை இல்லாத அச்சம் நமக்குச் சாக்குப்போக்காகத் தெரிகிறது.

"நாலு நொடி வேலைதானேம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்திவிட்டு வந்துவிடேன்" என்றோம். "பயத்தை எதிர்த்து நின்றால் போய்விடும்" என்றும் சொன்னதாக நினைவு. அவர் தேநீரைக் குடித்துவிட்டு, "சரிங்கய்யா" என்று எழுந்து போனார். கடிதத்தை நாம் எழுதவில்லை.

ஒத்திகையில் அவர் உருளையைக் கையில் வாங்கியிருக்கிறார். டிரம்மிலிருந்து பத்தடி தூரத்தில் உருளை கைநழுவிக் காலருகே விழுந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டார். எதற்காகக் காதைப் பொத்தினார் என்பது அவருக்கே தெரியவில்லை. கோப்புக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்த செல்பேசி அதையும் எடுத்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளைக்குள் அது எல்லாருடைய கைகளிலும் இருந்தது.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமக்கு அடைபட்ட அறைகள் ஆகா. மின்தூக்கியில் ஏறுவதில்லை, படியேறுவது உடம்புக்கு நல்லது என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகத் தேர்வுக் காலத்தில், விடைத்தாள் கட்டுகளை அரக்கு முத்திரையிட்டு அடுக்கும் பணி நமக்கு வந்தது. சன்னல் இல்லாத சிறிய அறை, இரும்புக் கதவு, உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. முதல்வரிடம் போய், "உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது, ஐயா" என்றோம். அவர் சிரித்துவிட்டு, பட்டியலில் நம் பெயரை அடித்து வேறொருவர் பெயரை எழுதினார். மருத்துவச் சான்று கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை. நாம் மேற்பார்வைப் பணிக்கு மாறினோம், தேர்வு நடந்தது. இவ்வளவு எளிதாகக் கிடைத்த ஒன்றை ஒரு சலுகை என்று கூட நாம் அதுநாள்வரை நினைத்ததில்லை. அந்த மாணவி இரண்டாம் முறை வந்தபோது, அவர் பேசப் பேச, அந்த இரும்புக் கதவுதான் நம் கண்முன் நின்றது.

இம்முறை கடிதம் எழுத உட்கார்ந்தோம். எந்த உரிமையின் பெயரால் கேட்பது என்ற கேள்வி எழுந்தது.

நகரத்துத் தொழிற்சங்க நண்பர் ஒருவரைக் கேட்டோம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வென்ற ஊர் இது; உரிமை என்றால் என்ன என்று இந்த ஊருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர் சொன்னார்: "பஞ்சப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் பேசியிருக்கோம் சார். கூலி குறைஞ்சா கேட்கலாம். பயத்துக்கு என்ன படி கேட்கிறது?" கேலியாகச் சொல்லவில்லை. தொடர்ந்து அவரே இன்னொன்றும் கேட்டார்: "ஆளாளுக்குப் பயம்னு ஒதுங்கினா, நெசமாவே தீப்பிடிச்சா யார் சார் அணைக்கிறது?" இந்தக் கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. அந்த ஒத்திகைகள் சும்மா வந்தவையல்ல. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் 110-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கராச்சி ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பன்னாட்டுத் தரச்சான்று வழங்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோப்பில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், போபால் விபத்துக்குப் பின், 1987-இல் 41எச் என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து நேரக்கூடும் என்று நியாயமான ஐயம் கொள்ளும் தொழிலாளர், அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்பது அதன் சாரம். 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பிலும் ஏறத்தாழ இதே உரிமை இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆம் உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், நியாயமான காரணத்தோடு ஆபத்தான இடத்திலிருந்து விலகியவரைத் தண்டிக்கலாகாது என்கிறது. எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் 'நியாயமான' என்பது. இங்கேதான் முட்டுகிறது. உளமருத்துவ நூல்கள் இத்தகைய பேரச்சத்தை வரையறுக்கும்போது, உண்மையான ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பது என்கின்றன. பொருந்தாமல் இருப்பதால்தான் அது நோய். பொருந்தாமல் இருப்பதால்தான் சட்டம் அதைக் கேட்பதில்லை. மாணவி ஆபத்து என்று சொல்லவே இல்லை. அந்த டிரம்மால் தமக்கு ஒன்றும் ஆகாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது.

(நியாயமான அச்சத்துக்காவது மதிப்பு இருந்ததா என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடச் சுவர்களில் விரிசல்கள் கண்டன. மறுநாள் உள்ளே போகத் தயங்கிய தையல் தொழிலாளர்களைச் சம்பளம் போய்விடும் என்று மிரட்டி ஏற்றினார்கள். இறந்தவர்கள் 1,134 பேர். அணங்கையும் விலங்கையும் விடத் 'தம் இறை' பெரிது என்பதற்கு இதைவிடக் கொடிய உரை கிடையாது.)

வேறொரு வழியும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிறருக்கு அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வகையில் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது என்ற கருத்தை அது பேசுகிறது. 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம், மத்திய சேமக் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோயால் நேர்ந்த நடத்தைக்காக ஒருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. படிக்க மனம் நிறைந்தது. ஆயினும் அச்சட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றிய உறுதியான கடமைகள் பெரிதும் அரசு நிறுவனங்களின் மீதே வைக்கப்பட்டுள்ளன. தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் இல்லை. மனநோய் என்பதற்கான வரையறையும் கடுமையானது. வாழ்க்கையின் அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் ஆற்றலையோ உண்மையை உணரும் ஆற்றலையோ பெரிதும் குலைக்கும் கோளாறாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிசிறில்லாமல் துணி மூட்டும் பெண்ணை எந்த மருத்துவர் அந்த வரையறைக்குள் கொண்டுவருவார்?

கடிதத்துக்காகத் தேடியபோது அமெரிக்க வழக்கு ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டீவன்ஸ் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளராக இருந்தவர். 2011-இல் ரைட் எய்ட் என்ற மருந்துக்கடை நிறுவனம், தன் மருந்தாளர்கள் தடுப்பூசியும் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இவருக்கோ ஊசி என்றால் மயக்கம் வரும். மருத்துவர் கடிதம் கொடுத்தார். நிறுவனம் வேலையைவிட்டு நீக்கியது. 2015-இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகப் பெருந்தொகை வழங்கத் தீர்ப்பளித்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஊசி போடுவது இப்போது அப்பணியின் இன்றியமையாத கூறு, அதைச் செய்ய இயலாதவருக்கு எந்த மாற்று ஏற்பாடும் உதவாது என்றது. அவருடைய அச்சம் பொய் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக அப்பணியில் இல்லாத ஒன்று ஒரே ஆண்டில் இன்றியமையாததாக ஆனது எப்படி என்பதே நமக்கு எழுந்த கேள்வி. வேலை எதுவென்று சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்போது, எது இன்றியமையாதது என்பதும் அவர் வாயிலிருந்துதான் வருகிறது.

திருப்பூரில் இது இன்னும் வெளிப்படையானது. பீஸ் ரேட்டில் கூலி கணக்கிடும்போது வேலை என்பது தோள்பட்டை மூட்டுவது மட்டும், அல்லது பக்கம் அடிப்பது மட்டும். அதற்கு மேல் ஒரு நூல் இழுத்தாலும் கணக்கில் வராது. ஆணையிடும்போது அதே வேலை வீங்கிவிடுகிறது. ஆடிட் அன்று முகக்கவசம் போட்டு உட்காருவது வேலை, கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்வது வேலை, நெருப்பின் முன் நிற்பதும் வேலை.

நம் கடிதத்தில் சட்டத்தைக் குறிப்பிடவில்லை. கேட்பவருக்குக் கோபம் வரும் என்று மாணவி அஞ்சினார். குழுவிலிருந்து விலக்கும்படியும் கேட்கவில்லை. உருளை பிடிப்பதற்குப் பதிலாக, அபாய மணி ஒலித்ததும் தம் லைனில் இருப்பவர்களைப் படிவழியே வெளியேற்றி, மைதானத்தில் எண்ணிக்கை சரிபார்க்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதாக எழுதினோம். இது அவராகவே சொன்ன யோசனை. "எனக்குத்தானுங்கய்யா எல்லாத்துக்கும் முன்னால பொகை வாசம் தெரியும். நான் கத்துனா எல்லாரும் வெளிய வந்துருவாங்க" என்றார். இந்த வாக்கியத்தைக் கடிதத்தில் அப்படியே சேர்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நாம் அதைச் செந்தமிழாக்கிக் கெடுத்துவிட்டோம்.

கடிதத்தைப் படித்த மனிதவள அலுவலர் கெட்டவர் அல்லர். சமூகப்பணி படித்த இளைஞர். நம்மைத் தொலைபேசியில் அழைத்து மரியாதையாகவே பேசினார். பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டதாம். வெளியேற்றும் குழுவும் முதலுதவிக் குழுவும் நிரம்பிவிட்டன. பெயரை மாற்றினால் பயிற்சிச் சான்றிதழ் புதிதாக வாங்க வேண்டும். "ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா நான் மேல பேசுவேனுங்க, சார்" என்றார். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இவ்வகை அச்சத்துக்குச் சிகிச்சையும் இருக்கிறது. அஞ்சும் பொருளை மிகத் தொலைவிலிருந்து தொடங்கி, படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு அருகே கொண்டுவருவார்கள். முதல் நாள் தீக்குச்சியின் படம் போதும் என்பார்களாம். (டிரம்மில் டீசல் ஊற்றிக் கொளுத்துவதில் அந்தப் படிப்படியும் இல்லை, சம்மதமும் இல்லை. நாம் முதல்நாள் சொன்ன அறிவுரையும் இந்த வகையைச் சேர்ந்ததே.) மாணவி போகவில்லை. ஒரு நாள் கூலி போவது ஒருபுறம் இருக்க, மனநலப் பிரிவின் சீட்டு மாமியார் கண்ணில் பட்டால் வீட்டில் என்ன பெயர் வரும் என்பது மறுபுறம். பெண்ணுக்கு அச்சத்தை ஒரு குணமாகவே விதித்து, மடத்தோடும் நாணத்தோடும் பயிர்ப்போடும் அடுக்கி வைத்த மரபு நம்முடையது. அதே அச்சம் கணக்குக்கு வெளியே, தானாக வந்தால் அதற்குப் பைத்தியம் என்று பெயர்.

யாரும் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை போனபோது அவருடைய ஓவர்லாக் மெஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கைமடிக்குப் போகச் சொன்னார்கள். பத்தாண்டுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே திரும்புவது, கூலியும் அதற்கேற்ப. சனிக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வழக்கு என்று போனால் நீக்கியதற்கான தாள் ஒன்று வேண்டும் என்றார் தொழிற்சங்க நண்பர். அப்படி ஒரு தாள் இல்லை. அவராக நின்றதாகத்தான் பதிவேட்டில் இருக்கும்.

தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், கல்லூரி விழாவுக்கான துணிப்பைகள் தைக்கக் கொடுப்பதற்காக அவர் இப்போது வேலை செய்யும் இடத்துக்குப் போனோம். குடியிருப்புத் தெரு ஒன்றில் மாடியில் இயங்கும் பவர் டேபிள். எட்டு மெஷின்கள். கீழே முதலாளி வீடு. மாடிக்கு ஒரே படிக்கட்டு, ஓர் ஆள் அகலம். அதிலும் பாதியை வெட்டிய துணிக்கட்டுகள் அடைத்திருந்தன. இருந்த ஒரே சன்னலை வெயிலுக்காக அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். மேலே தறிகெட்டு ஓடும் மின்கம்பிகளில் ஒன்று ஒட்டுநாடா சுற்றிய மூட்டோடு அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது. சிவப்பு உருளை எதுவும் சுவரில் இல்லை.

நமக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கதவருகிலேயே நின்றுகொண்டோம். அவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. கூலி பழைய அளவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். முதலாளியம்மா நல்ல மாதிரி என்றார்.

"இங்க ஆடிட்டு, டிரில்லுன்னு ஒரு தொந்தரவும் கெடையாதுங்கய்யா. நிம்மதியா இருக்கேன்" என்றவர், நாம் வாசலைவிட்டு நகராததைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்கய்யா, ஏன் அங்கியே நிக்கறீங்க?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.